வடிவா எழுதுங்கோ

1

திங்கட்கிழமையோடு நான் பினாங்குக்கு வந்து நான்கு வருடம் முடிந்தது. அன்று காலை எனக்குக் கிடைத்தது ஒரு வசனம்.

எங்கள் ஆய்வு நிலையம் வெளியிடப்போகும் அறிக்கையின் தட்டச்சுப் பிரதி என் மேசையில் கிடந்தது. நாற்பத்தாறாம் பக்கத்தில், கீழிருந்து மூன்றாவது வரியில், ஆங்கிலத்தில் மிகவும் பவ்வியமாக எழுதியிருந்தார்கள். தமிழில் சொன்னால் அந்தப் பவ்வியம் போய்விடும், போகட்டும். "தோட்டத்திலிருந்து வந்த பதிவுகள், கல்வியறிவு குறைந்த ஒருவரால் இருந்த இடத்திலிருந்தே இட்டுக்கட்டப்பட்டவை என்று தெரிவதால், விலக்கப்பட்டன." அவ்வளவுதான். பதினான்கு மாதம், பன்னிரண்டு பேர், ஓர் ஓடை, எல்லாவற்றையும் அந்த ஒரு வசனத்துக்குள் போட்டு மூடியிருந்தார்கள். அதன் கீழே என் பெயர். பெயருக்குப் பக்கத்தில், நான் கையெழுத்திட வேண்டிய இடத்தில், பென்சிலால் ஒரு சின்னப் புள்ளடி.

ஊருக்கு எழுதும் இந்தக் குறிப்புகளுக்கு நான் ஓர் ஒழுங்கு வைத்திருந்தேன். முதலில் மழை, அடுத்தது சாப்பாடு, அதற்குப் பிறகு இங்குள்ள வேடிக்கை ஒன்று, கடைசியில் நான் சுகம் என்று ஒரு வரி. போன தடவை டுரியான் பழத்தின் மணத்தைப் பற்றி எழுதியதை நீங்கள் விழுந்து விழுந்து சிரித்து வாசித்ததாகக் கேள்வி. இந்தத் தடவை பழம் கிடையாது. எனக்குக் கோபம் வந்திருக்கிறது. அதைத்தான் எழுதப் போகிறேன்.

2

என் வேலையைப் பற்றி ஊரில் பலவிதமான கதை உலவுகிறது. "உங்கட மகள் அங்க கசெட் விக்கிறாளாம்" என்று யாரோ அம்மாவிடம் சொல்லியிருக்கிறார்கள். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வந்துவிட்டவர்களுக்கு ஒலிநாடா வழியாக விஞ்ஞானம் படிப்பிக்க முடியுமா என்பதுதான் எங்கள் நிலையத்தின் ஆராய்ச்சி. ஜார்ஜ் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மேல்மாடியில் நாங்கள் ஏழு பேர் இருக்கிறோம். ஒரு கணினியும் இருக்கிறது. குளிரூட்டிய அறை, அதற்கென்று தனித் திரைச்சீலை, செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். கற்பூரம் காட்டுவது ஒன்றுதான் குறை. அந்த இயந்திரத்தின் படத்தைப் பார்த்து மயங்கித்தான் நான் விண்ணப்பம் போட்டேன். வந்து மூன்றாம் மாதமே எனக்கு விளங்கிவிட்டது: அதற்குத் தானாக ஒன்றும் தெரியாது. யாராவது வெளியே போய், கண்ணால் பார்த்து, எழுதிக்கொண்டு வந்தால்தான் அதற்குச் சாப்பாடு.

அப்படியென்றால் படிக்கிறவர்களையே ஏன் அனுப்பக் கூடாது? கசெட் பாடம் சொல்லும். கேட்கிறவர் நிறுத்திவிட்டு எழுந்து போய்ச் செய்து பார்ப்பார். பார்த்ததைத் தாளில் எழுதி அனுப்புவார். அவருக்கு அது பாடம், எங்களுக்கு அது தரவு. ஒரு விஞ்ஞானியை ஓர் ஓடைக்குப் பதினான்கு மாதம் அனுப்ப எந்த நிலையத்துக்கும் வசதியில்லை. ஓடைக்கரையில் குடியிருக்கிறவர்கள் எப்படியும் தினமும் அந்த வழியால்தான் போகிறார்கள். இதற்கு இன்னும் சரியான பெயர்கூட இல்லை. நான் "மக்கள் அவதானிப்பு" என்று வைத்தேன். எங்கள் பேராசிரியர், நிலையத்தின் தலைவர், "உம்முடைய பொழுதுபோக்கு" என்று வைத்தார்.

இந்த யோசனை எனக்குக் கணினியிலிருந்து வரவில்லை, கிணற்றிலிருந்து வந்தது. பதினாறு வயதில் நானும் இரண்டு சிநேகிதிகளும் எங்கள் ஒழுங்கையில் வீடு வீடாகப் போய்க் கிணற்றுத் தண்ணீரைக் குடித்துப் பார்த்து, நல்ல தண்ணி, சவர், உப்பு என்று ஒரு வரைபடம் போட்டோம். வயிறு கெட்டது தனிக் கதை. ஆனால் எந்த மாதத்தில் எந்தக் கிணறு உவர்க்கத் தொடங்கும் என்று அந்தந்த வீட்டுப் பெண்கள் நாள் குறித்துச் சொன்னார்கள். நாங்கள் எழுதிக்கொண்டோம். "நீ இதை இருந்த இடத்திலிருந்து இட்டுக்கட்டினாயா?" என்று அவர்களில் ஒருவரையும் யாரும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் தன் கிணற்றைப் பற்றி ஒரு பெண் சொன்னால் அது சொன்னதுதான்.

3

கெலுகோரில் நான் தங்கியிருப்பது பெரியப்பா வீட்டில். அப்பாவின் ஒன்றுவிட்ட தமையன், ரயில்வேயில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். இந்த நாட்டுக்கு வந்து நாற்பது வருடமாகியும் வீட்டுக்குள் யாழ்ப்பாணத்தை அப்படியே வைத்திருக்கிறார். கதவுக்கு வெளியே மலாய், ஆங்கிலம், கதவுக்கு உள்ளே "என்ன பிள்ளை, வந்திட்டியே?" அவருடைய மகளின் மகள் மைதிலிக்குப் பத்து வயது. அவள்தான் அந்த வீட்டின் பெருங்கவலை. "இவளுக்குத் தமிழ் போச்சு" என்று ஒரு நாளைக்கு மூன்று தரமாவது யாராவது சொல்வார்கள். அவளோ கவலைப்படாமல் "பசியாறியாச்சுலா, தாத்தா" என்றுவிட்டு ஓடுவாள். அது தமிழே இல்லை என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

ஓடைப் பாடத்தின் கசெட்டை நான் என் குரலிலேயே பதிவு செய்தேன். எளிமையான பாடம்தான். ஒரு வெள்ளை மங்குத் தட்டைக் கயிற்றில் கட்டுங்கோ. கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போடுங்கோ. மதகில் நின்று தட்டைத் தண்ணீருக்குள் இறக்குங்கோ. எத்தனையாவது முடிச்சில் தட்டு கண்ணுக்கு மறைகிறது? எழுதுங்கோ. தண்ணீரின் நிறம் என்ன? அதற்கு நான் ஓர் அளவுகோல் செய்திருந்தேன். பச்சைத்தண்ணீர், வெறும் தேநீர், பால் விட்ட தேநீர், பால் விட்ட கோப்பி, கோப்பி-ஓ. இந்த நாட்டில் கோப்பி-ஓவின் கறுப்பு தெரியாதவர் ஒருவரும் இல்லை. அந்த அளவுகோலை நினைத்து நான் ஒரு வாரம் பெருமையில் மிதந்தேன்.

எந்தப் பாடத்தையும் வெளியே அனுப்புமுன் பத்துப் பேரிடமாவது போட்டுக்காட்ட வேண்டும் என்பது நிலையத்தின் விதி. நான் போட்டுக்காட்டினேன். எங்கே? பெரியப்பா வீட்டு விறாந்தையில். யாருக்கு? பெரியப்பாவுக்கும், அவருடைய ஓய்வுபெற்ற நண்பர்களுக்கும், அவர்களின் மனைவிமாருக்கும். எல்லாருக்கும் ஒரு சொல் விடாமல் விளங்கியது. "அருமையான தமிழ்" என்றார்கள். நான் படிவத்தில் "திருப்தி" என்று பத்துத் தரம் எழுதினேன்.

இங்கே கொஞ்சம் நில்லுங்கள். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களுக்கான பாடம் அது. அதைத் தோட்டத்துக்குப் போகாமல், எங்களைப் போன்றவர்களிடமே போட்டுக்காட்டிவிட்டு வந்த இந்த மேதை வேறு யாருமில்லை, நான்தான்.

4

தோட்டம் பத்து காவான் என்ற ஊர்ப் பக்கம். படகேறி பட்டர்வொர்த்துக்குப் போய், அங்கிருந்து ஒரு பேருந்து, இறங்கிய பிறகு யாராவது மோட்டாரில் ஏற்றிக்கொண்டால் உண்டு. முழுக்கச் செம்பனை, எண்ணெய் பிழியும் பனை. மரங்களுக்கு நடுவே ஓர் ஓடை. ஓடையின் மேல்பக்கத்தில் ஓர் ஆலை, கீழ்ப்பக்கத்தில் தொழிலாளர் குடியிருக்கும் லயம். லயத்துப் பிள்ளைகளின் கால்களில் சொறி. மீன் செத்து மிதக்கும் நாட்கள் உண்டு. கேட்டால் நிர்வாகத்தில், "மழைச் சேறு, வேறொண்ணுமில்ல" என்பார்களாம்.

அங்கேதான் லெட்சுமி அக்காவைச் சந்தித்தேன். முப்பத்திரண்டு வயது. உதிர்ந்த செம்பனைப் பழம் பொறுக்கும் வேலை. தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு நின்றவர். ஆனால் அந்த லயத்தில் யாருக்கு விலாசம் எழுத வேண்டுமென்றாலும், கோயில் திருவிழா அறிவிப்பு எழுத வேண்டுமென்றாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். கையெழுத்து அச்சுக்கோத்ததுபோல இருக்கும்.

"டீச்சர், இந்தத் தட்டு வெளயாட்டெல்லாம் சரி" என்றார் முதல் நாளே. "இதுனால என்னா நடக்கும்? நேராச் சொல்லுங்க. நாங்க எழுதிக் குடுத்தா அது பொஸ்தகத்துல வருமா?"

"அறிக்கையில வரும்."

"அச்சுல?"

"அச்சிலதான்."

"அப்படின்னா சரி. அச்சுல வந்தா அதத் தூக்கிட்டுப் போயி டிஸ்ட்ரிக்ட் ஆபிசுல போடலாம். நாங்க வாயால சொன்னா, 'நீ என்னா சயன்டிஸ்டா'ன்னு கேக்கறான். அந்தப் பேப்பரு பேசட்டும்லா."

ஒரு வாரத்துக்குள் பன்னிரண்டு பேரைச் சேர்த்துவிட்டார். ஆறு இடம், இடத்துக்கு இரண்டு பேர். முனியாண்டி அண்ணன் என்று பழக்குலை வெட்டுகிறவர் ஒருவர். கயிறு முடிச்சுப் போடுவதில் அவர்தான் மன்னர். "சாணுன்னா யாரு சாணு டீச்சர்? எஞ் சாணா, இவ சாணா?" என்று அவர் கேட்டபோதுதான் எனக்கே உறைத்தது. எல்லாக் கயிற்றுக்கும் லெட்சுமி அக்காவின் சாண்தான் அளவு என்று அந்த இடத்திலேயே முடிவாயிற்று. பட்டம் பெற்ற ஏழு பேர் நிலையத்தில் இருந்தோம். ஒருவருக்கும் அந்தக் கேள்வி தோன்றவில்லை.

மாதம் ஒரு கட்டுத் தாள் தபாலில் வந்தது. பதினான்கு மாதமும் தவறவில்லை. தாள்களை அடுக்கிவைத்துப் பார்த்தால் எவருக்கும் தெரியும்: ஆலைக்கு மேலே உள்ள இரண்டு இடத்திலும் தண்ணீர் மழைக்கேற்றபடி கலங்கித் தெளிகிறது. ஆலைக்குக் கீழே உள்ள நான்கு இடத்திலும் மழையே இல்லாத நாட்களிலும் கோப்பி-ஓ. நான் கணினி அறைக்குள் வெறுங்காலோடு துள்ளிக் குதித்தேன்.

5

திங்கட்கிழமை அந்த வசனத்தைக் கண்டதும் நேரே பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவரும் எங்கள் பக்கத்தவர்தான். பிறந்தது இங்கே, ஆனால் தாய் தகப்பன் யாழ்ப்பாணம். அதனால் தனியே இருக்கும்போது தமிழில்தான் பேசுவார்.

"இரும் பிள்ளை" என்றார். லெட்சுமி அக்காவின் தாள்களை மேசையில் சீட்டுக்கட்டுப்போல விரித்தார். "வடிவாப் பாரும். என்ன தெரியுது?"

"அவதானிப்பு."

"ஒரே கை. ஒரே மை. ஒரு வெட்டு இல்லை, ஒரு திருத்தம் இல்லை, ஒரு சேத்துப் பொட்டு இல்லை. பன்னிரண்டு பேர் மதகில நிண்டு எழுதின தாள் இப்பிடி இருக்குமே? நடுவில நட்சத்திரம் வேற கீறி வைச்சிருக்கிறா. ஒருத்தி வீட்டில இருந்துகொண்டு நிரப்பியிருக்கிறா."

  சந்தேகப்பட வேண்டிய தாள்தான் அது. வேறு யாருடையதாக இருந்திருந்தால் நானே சந்தேகப்பட்டிருப்பேன். பதினான்கு மாதமும் அந்த அழகான எழுத்தைப் பார்த்துப் பூரித்தேனே தவிர, ஏன் எல்லாம் ஒரே எழுத்து என்று நான் கேட்கவில்லை.

"கேட்டுப் பார்த்தனீங்களே?" என்றேன்.

"யாரை?"

"அவவை."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீரும் நானும் ஒரு பக்கத்து ஆக்கள், அதால சொல்லுறன். எஸ்டேட் சனத்தை உமக்குத் தெரியாது. பாவங்கள். நீர் சந்தோசப்படுவீர் எண்டு எழுதியிருக்குங்கள். அதைப் பிடிச்சுக்கொண்டு தொங்காதேயும். கையெழுத்தைப் போடும். உம்முடைய பாஸும் இந்த மாதம் முடியுது எல்லே? கடிதம் நான்தானே தர வேணும்."

பாஸ் என்றால் இங்கே இருப்பதற்கான அனுமதி. வருடா வருடம் குடிநுழைவு அலுவலகத்தில் போய் நிற்க வேண்டும். முதல் வருடம் அங்கே நான் அடித்த கூத்தை உங்களுக்கு எழுதினேனோ தெரியவில்லை. மலாயில் தண்ணீருக்கு "ஆயர்". எழுதும்போது ஆங்கிலத்தில் காற்றுக்கு எழுதும் அதே மூன்று எழுத்து. என் ஆராய்ச்சி தண்ணீரைப் பற்றியது என்பதற்கு நான் மலாய்ச் சொல்லை ஆங்கிலப் பத்தியில் எழுதிவைக்க, கவுண்டரில் இருந்தவர் "நீ ஊதிப் பார்க்கிற ஆராய்ச்சியா?" என்று கேட்டு அறையையே சிரிக்கவைத்தார். நானும் சிரித்தேன். ஒரு சொல் இரண்டு இடத்தில் இரண்டு பொருள் தரும் என்று அன்றைக்கே எனக்குப் பாடம் சொல்லியாகிவிட்டது. நான்தான் படிக்கவில்லை.

ஊரிலிருந்து வரும் கடிதம் உடைத்துப் பார்க்கப்பட்டு வருகிறது. திரும்பி வா என்று நீங்கள் ஒருவரும் எழுதுவதில்லை. ஏன் எழுதுவதில்லை என்று எனக்குத் தெரியும். பாஸுக்கான கடிதம் இல்லாவிட்டால் எனக்கு என்ன ஆகும் என்பது பேராசிரியருக்கும் தெரியும். தெரிந்துகொண்டுதான், ஒரு கோப்பை தேநீர் தருவதுபோல, அதை மேசையில் வைத்தார்.

6

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனேன். லெட்சுமி அக்கா வேலை முடிந்து வந்து, கை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா, இந்தத் தாளெல்லாம் யார் எழுதினது?"

"நாந்தான். ஏன், எழுத்து நல்லா இல்லியா?"

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்தான்லா. முனியாண்டி எழுதுனா கோழி கிண்டுன மாதிரி இருக்கும். அத ஆபிசுக்கு எப்படி அனுப்பறது? நீங்கதானே கேசட்டுல சொன்னீங்க, 'பார்த்ததை வடிவா எழுதுங்கோ'ன்னு. ஒருவாட்டி இல்ல, ஆறுவாட்டி சொன்னீங்க. மதகுல நின்னுக்கிட்டு எழுதுனா வடிவா வருமா? அதான் ஆளாளுக்குத் துண்டுத் தாள்ல கிறுக்கிக் குடுக்கச் சொன்னேன். ஞாயித்துக்கெழம உக்காந்து, கோடு போட்டு, வடிவா எழுதுவேன். ஒரு எழுத்து தப்பாப் போனா அந்தத் தாளையே கிழிச்சிட்டு மறுபடியும் எழுதுவேன் டீச்சர். வெரலு வீங்கிப் போயிரும்."

"அந்தத் துண்டுத் தாள்கள்?"

"அடுப்புக்கு. அழுக்கு, அத வச்சு என்னா பண்றது?"

நான் அங்கேயே படியில் உட்கார்ந்துவிட்டேன்.

உங்களுக்கு இதில் சிக்கல் ஒன்றும் தெரியாது. அதுதான் சிக்கல். எங்களுக்கு "வடிவா" என்றால் கவனமாக, தெளிவாக, முழுதாக. வடிவாப் பார், வடிவாக் கேள், வடிவாச் சாப்பிடு. அம்மாவின் ஒவ்வொரு கடிதமும் "உடம்பை வடிவாப் பார்" என்றுதான் முடிகிறது. கண்ணாடி முன்னால் நின்று அழகு பார் என்று நான் ஒருநாளும் எடுத்துக்கொண்டதில்லை. இங்கே, தோட்டத்தில், வடிவு என்றால் அழகு. அழகு மட்டும்தான். நான் "கவனமாக எழுதுங்கள்" என்று ஆறு தரம் சொன்னதாக நினைத்தேன். அவர்கள் "அழகாக எழுதுங்கள்" என்று ஆறு தரம் கேட்டார்கள். கேட்டபடி அச்சொட்டாகச் செய்தார்கள். என் பாடத்தை என்னைவிட ஒழுங்காகக் கடைப்பிடித்தவர் லெட்சுமி அக்கா.

இன்னொன்றும் அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெரியப்பா வீட்டில் கசெட்டைப் போட்டுக்காட்டிய அன்று, மைதிலி கதவோரம் நின்று கேட்டுவிட்டு, "வடிவா எழுதணும்னா கலர் பென்சில் வேணுமா?" என்று கேட்டாள். எல்லாரும் சிரித்தோம். "இவளுக்குத் தமிழ் போச்சு" என்றார் பெரியப்பா. அந்த விறாந்தையில் இருந்தவர்களில் இந்த நாட்டுத் தமிழ் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவளுடைய கேள்வியை மட்டும் நான் படிவத்தில் எழுதவில்லை.

"நட்சத்திரம் என்ன அக்கா?"

"அன்னிக்கு யாரும் தட்டு எறக்கல. மழ பேஞ்சிருக்கும், இல்லாட்டி யாருக்காச்சும் காய்ச்சலா இருக்கும். பாக்காதத எப்படி எழுதறது? வெறுமனே விட்டா பல்லு விழுந்த மாதிரி இருக்கும்ல, அதான் ஒரு பூவு."

இட்டுக்கட்டுகிறவள் எதற்காக அறுபதுக்கு மேற்பட்ட இடத்தைக் காலியாக விட வேண்டும்? நிரப்பிவிட்டுப் போயிருக்க மாட்டாளா? அந்தப் பூக்கள்தான் அவருடைய நேர்மை. பேராசிரியருக்கு அவை வெறும் கீறல்.

அந்த வசனத்தை நான் சொல்லத்தான் வேண்டியிருந்தது. மெதுவாகத் தமிழில் சொன்னேன். அவர் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். முனியாண்டி அண்ணன் வந்து பக்கத்தில் நின்றார்.

"அப்ப நாங்க பொய்க்காரங்க."

"அக்கா, பிழை என்னுடையது..."

"இருங்க. அதுல எம் பேரு போட்டிருக்காங்களா?"

"இல்லை. 'ஒருவர்' என்று மட்டும்தான்."

"ஏசறதுக்குக்கூட பேரு கெடையாது" என்றார் முனியாண்டி அண்ணனைப் பார்த்து. பிறகு என் பக்கம் திரும்பினார். குரல் உயரவில்லை, உயர்ந்திருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். "பதினாலு மாசம் டீச்சர். ஒத்த சொல்லு வெளங்கலன்னா ஒரு கடுதாசி போட்டுக் கேக்க மாட்டீங்க? எதுக்கு எல்லாம் ஒரே எழுத்தா இருக்குன்னு நீங்களாச்சும் கேட்டிருக்கலாம்ல? வெரலு வீங்க எழுதுனது நானு. படிச்சவங்க நீங்க ரெண்டு பேரு. ஒருத்தரும் கேக்கல."

அவர் கேட்டது ஒவ்வொன்றும் சரி. 

"அந்த சார எப்ப பாக்கலாம்?" என்றார்.

7

முடிவை முதலில் சொல்லிவிடுகிறேன், ஊரில் யாரும் கவலைப்பட்டுக்கொண்டு வாசிக்க வேண்டாம். அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது. அந்த வசனம் அதில் இல்லை. அதற்குப் பதிலாக நான் எழுதிய ஒரு முழுப் பக்கம் இருக்கிறது. பாடத்தில் இருந்த சொல் பிழை, முன்சோதனை தவறான ஆட்களிடம் நடந்தது, மூலத் தாள்கள் அழிந்தது, பூக்களின் பொருள், எல்லாம் அதில் இருக்கிறது. அதற்குக் கீழே பன்னிரண்டு பேரின் முழுப் பெயர். அந்தப் பக்கம் இல்லாமல் நான் கையெழுத்திட மறுத்தேன். என் கையெழுத்து இல்லாமல் அறிக்கை நகராது. அந்த ஒன்று மட்டும் என் கையில் இருந்தது. என் பாஸுக்கான கடிதத்தைப் பேராசிரியர் தரவில்லை. குடிநுழைவு அலுவலகத்தில் முப்பது நாள் முத்திரை குத்தினார்கள். அதற்குள் வேறு இடம் பார்க்க வேண்டும். இரண்டு இடத்துக்கு எழுதியிருக்கிறேன். அம்மாவிடம் இதை நானே சொல்லிக்கொள்கிறேன், நீங்கள் சொல்ல வேண்டாம்.

அந்த வியாழக்கிழமையைத்தான் உங்களுக்குச் சொல்ல வேண்டும்.

லெட்சுமி அக்கா அரைநாள் சம்பளத்தை விட்டுவிட்டு, திருவிழாவுக்குக் கட்டும் பச்சைச் சேலையில் படகேறி வந்தார். படிக்கட்டு முடியும் இடத்தில் செருப்பைக் கழற்றப் போனார். "வேண்டாம் அக்கா, அது கணினி அறைக்கு மட்டும்" என்றேன். "அதுக்கு மட்டும்தான் மரியாதையா?" என்று கேட்டுவிட்டுச் செருப்போடு உள்ளே வந்தார்.

பேராசிரியர் எழுந்து நின்றார். அந்தப் பண்பு அவரிடம் உண்டு. நாற்காலி காட்டினார். நான் "வடிவா" என்ற சொல்லைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. எங்கள் பக்கத்தவர் அல்லவா. வாய்விட்டுச் சிரித்தார். "கடவுளே, வடிவா!" என்று மேசையைத் தட்டினார். சிரிப்பு அடங்கியதும் முகம் மாறியது. என்னைப் பார்த்து, லெட்சுமி அக்கா அங்கே இல்லாததுபோல, தணிந்த குரலில் சொன்னார்:

"அப்ப பிழை உம்முடைய பாடத்தில. அதை எழுதினால் நிலையத்தின்ர பாடமே பிழை எண்டு வரும். பணம் தாறவங்கள் வாசிப்பாங்கள். சனம் பிழைவிட்டது எண்டு எழுதினால் ஒருத்தருக்கும் நட்டமில்லை. யோசியும்."

விளங்கிக்கொண்டும் அப்படிச் சொன்னார். எனக்கு வந்த கோபம் அங்கேதான் பிறந்தது, இன்னும் ஆறவில்லை. தெரியாமல் எழுதிய வசனத்தை மன்னித்துவிடலாம். தெரிந்த பிறகும் அதை வைத்திருப்பதுதான் லாபம் என்று கணக்குப் பார்க்கிறவரை என்ன செய்வது?

"யாருக்கு நட்டமில்ல?" என்றார் லெட்சுமி அக்கா.

பேராசிரியர் திடுக்கிட்டார்.

"சார், ஒங்க பேச்சு கொஞ்சம் வேற மாதிரி இருக்கு, ஆனா தமிழுதானே, வெளங்குது. நட்டமில்லயா? எங்க புள்ளைங்க காலப் பாத்திருக்கீங்களா? சரி, என்னய நம்ப வேணாம். பதினாலு மாசம் எழுதி எழுதி எனக்கு மனப்பாடமாயிருச்சு. ஆலையில எந்தக் கெழம கழிவுத் தண்ணியத் தொறக்கறாங்கன்னு இப்பவே சொல்றேன், எழுதிக்குங்க. வர்ற செவ்வாக்கெழம காலையில மூணாவது மதகுல வந்து நில்லுங்க. மழயே பெய்யாட்டியும் ரெண்டாவது முடிச்சுல தட்டு மறையும். மறையலன்னா நான் பொய்க்காரின்னு பெரிய எழுத்துல அச்சடிங்க. ஆனா பேரு போட்டு அடிங்க. லெட்சுமி, அப்பா பேரு வீரப்பன். எப்படி எழுதறதுன்னு தெரியலன்னா நானே எழுதித் தரேன்."

 பொய்த் தரவை வைத்துக்கொண்டு யாராலும் அடுத்த செவ்வாய்க்கிழமையைச் சொல்ல முடியாது. அதை எங்கள் துறையில் முதலாம் வருடத்திலேயே படிப்பிக்கிறார்கள். பேராசிரியர் நாட்குறிப்பை எடுத்து, செவ்வாய்க்கிழமைப் பக்கத்தைத் திறந்து பார்த்து, மூடிவைத்தார்.

"அம்மா" என்றார், மிகவும் மரியாதையாக. "நீங்கள் கொஞ்சம் வெளியில இருங்கோ. நாங்கள் ரெண்டுபேரும் கதைக்கிறம்."

எங்கள் தமிழில் கதைப்பது என்றால் பேசுவது, வேறொன்றுமில்லை; தோட்டத்துக் காதில் அது கதை கட்டுவதுபோல விழும். லெட்சுமி அக்கா எழுந்து சேலைத் தலைப்பைச் சரிசெய்தார். அவருக்கு அந்தச் சொல் தெரியுமா தெரியாதா என்று இன்றுவரை நான் கேட்கவில்லை. முகத்தைப் பார்த்தால் நன்றாகத் தெரியும் போலத்தான் இருந்தது.

"கதைக்கிறதா?" என்றார். "அத நீங்க செய்ங்க சார். எழுதறத நாங்க எழுதிக்கறோம்."